டூர் டு ருவாண்டா: ஆயிரம் குன்றுகளின் சைக்கிள் பந்தயம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டூர் டு ருவாண்டா என்றால் என்ன?

கிழக்கு ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் ஆண்டுதோறும் நடக்கும் தொழில்முறை சைக்கிள் பந்தயம். ஒரே நாளில் முடிந்துவிடாது. சுமார் எட்டு நாள் நடக்கும். பெரும்பாலான நாட்களில் ஓர் ஊரில் கிளம்பி இன்னோர் ஊரில் முடிப்பார்கள். அந்த ஒரு நாள் ஓட்டத்துக்கு ‘கட்டம்’ என்று பெயர். எல்லாக் கட்டங்களிலும் ஒருவர் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவரே சாம்பியன். அதுவரை முன்னணியில் இருப்பவர் மஞ்சள் ஜெர்சி போட்டுக்கொண்டு ஓட்டுவார். பிரான்ஸின் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸைப் பார்த்தவர்களுக்கு இந்த விதிகளைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு சின்ன நாட்டில் எட்டு நாள் ஓட்ட இடம் இருக்கிறதா?

வரைபடத்தில் ருவாண்டாவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மொத்தப் பரப்பு 26,338 சதுர கிலோமீட்டர். ஆனால் சமதளம் என்று சொல்ல அங்கே அதிகம் கிடையாது. ‘ஆயிரம் குன்றுகளின் நாடு’ என்ற பட்டப்பெயரை யாரோ விளம்பரத்துக்காக வைக்கவில்லை. சாலை ஏறும், இறங்கும், வளையும், மறுபடி ஏறும். தலைநகர் கிகாலியே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் குன்றுகளின் மேல் பரவிக் கிடக்கிறது.

நாடு சிறியதாக இருப்பது பந்தயம் நடத்துகிறவர்களுக்கு வசதிதான். தெற்கே ஹூயே, வடக்கே எரிமலைகளின் அடிவாரத்தில் முசான்சே, மேற்கே கிவு ஏரிக்கரையில் ருபாவுவும் கரோங்கியும், தென்மேற்கு மூலையில் ருசிசி. ஒரு வாரத்துக்குள் நாட்டின் பெரும்பாலான மூலைகளைத் தொட்டுவிட்டுக் கிகாலிக்குத் திரும்பிவிடலாம். பெரிய நாடுகளில் நடக்கும் பந்தயங்களில் வீரர்கள் ஒரு கட்டம் முடித்ததும் மணிக்கணக்கில் பேருந்தில் உட்கார்ந்து அடுத்த ஊருக்குப் போவார்கள். இங்கே அந்தத் தொல்லை குறைவு.

எப்போது தொடங்கியது?

1988-ல். முதல் பந்தயத்தை வென்றவர் செலஸ்டின் என்டெங்கேயிங்கோமா, உள்ளூர்க்காரர். அப்போது இது உள்நாட்டு வீரர்களும் அக்கம்பக்கத்து நாட்டுக்காரர்களும் ஓட்டிய எளிய பந்தயம். வெளியுலகத்தில் யாருக்கும் தெரியாது.

தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே ஏன் நின்றுபோனது?

1990 அக்டோபரில் ருவாண்டாவில் உள்நாட்டுப் போர் வெடித்தது. 1994 ஏப்ரலில் தொடங்கிய இனப்படுகொலையில் ஏறக்குறைய நூறு நாட்களுக்குள் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் டுட்சி இன மக்கள். சைக்கிள் பந்தயத்தை நினைத்துப் பார்க்கும் நிலையில் நாடு இல்லை. 2001-ல்தான் பந்தயம் மறுபடி உயிர்பெற்றது.

இந்தப் பந்தயம் பற்றி எழுதுகிற வெளிநாட்டுப் பத்திரிகைகள் எல்லாவற்றையும் 1994-லேயே தொடங்கி 1994-லேயே முடிப்பதுண்டு. படுகொலையை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாதுதான். ஆனால் இன்று பந்தயத்தில் ஓட்டும் ருவாண்டா இளைஞர்கள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்குப் பெரிய கவலை கியரும் டயரும் விசாவும்தான்.

2001-க்குப் பிறகு யார் வென்றார்கள்?

ஏப்ரஹாம் ருஹுமுரிசா என்ற பெயரை மறக்கக் கூடாது. 2002 தொடங்கி ஐந்து முறை வென்றவர். உலகத் தரவரிசையில் இடம்பெறாத காலத்து வெற்றிகள் என்பதால் பல பட்டியல்களில் அவர் பெயரைக் காண முடியாது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. சாதாரண சைக்கிளிலும் பழைய பாகங்களிலும் ஓடிய அந்தத் தலைமுறை இல்லாவிட்டால் அடுத்து வந்தவர்களுக்குப் பந்தயமே இருந்திருக்காது.

அப்புறம் ஏட்ரியன் நியோன்ஷுட்டி. 2008-ல் வென்றார். இனப்படுகொலையில் ஆறு சகோதரர்களை இழந்தவர். தென்னாப்பிரிக்காவின் எம்.டி.என் சைக்கிள் அணியில் சேர்ந்து வெளிநாடுகளில் தொழில்முறை வீரராக ஓடிய முன்னோடி. 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ருவாண்டாவின் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே. அங்கே மலைச் சைக்கிள் போட்டியில் கலந்துகொண்டு முழுத் தூரத்தையும் முடித்தார். பிறகு ருவமகானாவில் இளைஞர்களுக்காகப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்.

ருவாண்டா சைக்கிள் கதையில் அமெரிக்கர்கள் எப்படி வந்தார்கள்?

காப்பி வழியாக! டாம் ரிட்சி என்பவர் கலிபோர்னியாவில் மலைச் சைக்கிளை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவர். 2000-களின் நடுவில் ருவாண்டாவுக்குப் போனவர், காப்பி விவசாயிகள் மூட்டைகளை மலைப்பாதையில் இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தார். காப்பிப் பழத்தைப் பறித்த சில மணி நேரத்துக்குள் பதப்படுத்தும் நிலையத்தில் சேர்க்க வேண்டும். தாமதமானால் தரம் கெட்டு விலை போய்விடும். கனத்த சுமை ஏற்றும்படி பின்பக்கம் நீண்ட ஒரு சைக்கிளை அவர் வடிவமைத்தார்.

2006-ல் அவர் அங்கே ஒரு சைக்கிள் விழா நடத்தினார். ருவாண்டா கிராமங்களில் மரத்தாலேயே செய்த இருசக்கர வண்டி உண்டு. சக்கரம் உட்பட எல்லாமே மரம். பெடல் கிடையாது, ஏற்றத்தில் தள்ள வேண்டும், இறக்கத்தில் ஏறிக்கொண்டு விட்டுவிட வேண்டியதுதான். அந்த மர வண்டிகளுக்கும் விழாவில் பந்தயம் நடந்தது. விழாவுக்கு ரிட்சியோடு வந்த நண்பர் ஜோனதன் பாயர், 1981-ல் டூர் டி பிரான்ஸில் ஓடிய முதல் அமெரிக்கர். உள்ளூர் இளைஞர்கள் மலையேறும் வேகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டே திரும்பி வந்து ‘டீம் ருவாண்டா’ என்ற அணியைக் கட்டத் தொடங்கினார். அணி பிறகு முசான்சேயில் நிலையாகத் தங்கிப் பயிற்சி பெற்றது.

இந்தக் கதையை ‘வெளிநாட்டுக்காரர் வந்தார், திறமையைக் கண்டுபிடித்தார்’ என்ற தோரணையில் நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். பாயர் வருவதற்கு முன்பே பந்தயம் இருந்தது, ருஹுமுரிசா இருந்தார். நல்ல சைக்கிளும், ஒழுங்கான பயிற்சியும், வெளிநாட்டுப் பந்தயங்களுக்குப் போகும் வழியும்தான் இல்லை. பாயர் கொண்டுவந்தது அவற்றை. அதுவே பெரிய காரியம்தான்.

2009 ஏன் முக்கியமான ஆண்டு?

அந்த ஆண்டுதான் யு.சி.ஐ எனப்படும் சர்வதேச சைக்கிள் சங்கத்தின் அட்டவணையில் இந்தப் பந்தயம் இடம்பிடித்தது. தரம் 2.2. முதலில் வரும் ‘2’ பல நாள் பந்தயம் என்பதற்கு. ஒரு நாள் பந்தயம் என்றால் அங்கே ‘1’ இருக்கும். புள்ளிக்குப் பின் வருவது தரத்தைச் சொல்லும். எண் குறைந்தால் மதிப்பு கூடும்.

அட்டவணையில் ஏறிவிட்டால் தரவரிசைப் புள்ளிகள் கிடைக்கும். புள்ளி கிடைக்கும் என்றால் வெளிநாட்டு அணிகள் விமானம் ஏறி வரும். விளைவு உடனே தெரிந்தது. 2009-ல் மொராக்கோவின் அதில் ஜெல்லூல், 2010-ல் எரித்திரியாவின் டேனியல் டெக்லேஹைமனோட், 2011-ல் அமெரிக்கர் கீல் ரைனென், 2012-லும் 2013-லும் தென்னாப்பிரிக்கர்களான டேரன் லில், டிலன் கர்டில்ஸ்டோன். ஐந்து ஆண்டு, ஐந்து வெளிநாட்டுக்காரர்கள்.

இதில் டெக்லேஹைமனோட்டைக் கவனியுங்கள். 2015 டூர் டி பிரான்ஸில் மலையரசனுக்கான, அதாவது மலையேற்றத்தில் முன்னணியில் இருப்பவருக்கான, புள்ளி போட்ட ஜெர்சியை அணிந்த முதல் ஆப்பிரிக்கர் அவர்தான்.

ருவாண்டாக்காரர்கள் எப்போது வெல்ல ஆரம்பித்தார்கள்?

2014-ல் வாலன்ஸ் என்டாயிசெங்கா. அப்போது அவருக்கு வயது 20. பிறந்தது 1994 ஜனவரியில். யு.சி.ஐ அட்டவணைக்குள் வந்த பிறகு சொந்த மண்ணில் வென்ற முதல் ருவாண்டாக்காரர். அதுவரை கூட்டம் வேடிக்கை பார்க்க வந்தது. அந்த ஆண்டிலிருந்து ஆதரவு கொடுக்க வந்தது என்று சொல்லலாம்.

அடுத்த ஆண்டு ஜான் போஸ்கோ என்செங்கிமானா. 2016-ல் மறுபடி என்டாயிசெங்கா. 2017-ல் ஜோசப் அரெருயா, 2018-ல் சாமுவேல் முகிஷா. தொடர்ந்து ஐந்து ஆண்டு கோப்பை வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

இவர்களில் அரெருயாதான் எல்லோரையும்விட முழுமையான வீரர் என்பது என் கருத்து. 2018 தொடக்கத்தில் கபோனில் நடந்த ட்ரோபிகால் அமிசா போங்கோ பந்தயத்தையும் வென்றார். ஐரோப்பிய அணிகளோடு மோதி வென்ற வெற்றி அது. 2019-ல் பாரிஸ்-ரூபே பந்தயத்தில் ஓடினார். கரடுமுரடான கல் பாவிய சாலைகளுக்குப் பேர்போன, பெரிய பெரிய வீரர்களே பயப்படும் பந்தயம் அது.

அப்படியென்றால் 2019-க்குப் பிறகு ஏன் ஒரு ருவாண்டாக்காரர்கூட வெல்லவில்லை?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

2019-ல் பந்தயத்தின் தரம் 2.1 ஆக உயர்ந்தது. இந்தத் தரத்தில் வேர்ல்ட் டூர் அணிகள், அதாவது உலகின் முதல்நிலை அணிகள், கலந்துகொள்ளலாம். முன்பு பெரும்பாலும் நவம்பரில் நடந்த பந்தயம் பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கத்துக்கு நகர்ந்தது. ஐரோப்பிய அணிகளுக்குப் பருவம் தொடங்கும் நேரம், ஆர்வத்தோடு வருவார்கள். முதல் ஆண்டே அஸ்தானா அணி வந்தது. அந்த அணியின் எரித்திரிய வீரர் மெர்ஹாவி குடுஸ் கோப்பையைக் கொண்டுபோனார்.

அதன் பின் வென்றவர்கள்: 2020-ல் எரித்திரியாவின் நட்நயேல் டெஸ்ஃபட்சியோன், 2021-ல் ஸ்பெயினின் கிறிஸ்டியான் ரோட்ரிகெஸ், 2022-ல் மறுபடி டெஸ்ஃபட்சியோன், 2023-ல் எரித்திரியாவின் ஹெனோக் முலுபிரான், 2024-ல் பிரிட்டனின் ஜோ பிளாக்மோர், 2025-ல் பிரான்ஸின் ஃபாபியன் டூபே.

ருவாண்டா வீரர்கள் திடீரென்று மோசமாகிவிடவில்லை. எதிரே நிற்பவர்கள் மாறிவிட்டார்கள். ஐரோப்பிய அணி வீரருக்கு ஆண்டு முழுவதும் பந்தயம். உடன் மருத்துவர், மெக்கானிக், உணவு நிபுணர். ருவாண்டாவின் உள்ளூர் அணி வீரருக்கு ஆண்டில் கிடைக்கும் பெரிய பந்தயங்கள் சொற்பம். ஐரோப்பாவில் ஓட விசா கிடைப்பதும் பெரும்பாடு. ஆப்பிரிக்க வீரர்கள் பலர் விசா வராமல் பந்தயங்களைத் தவறவிட்டிருக்கிறார்கள். மலையேறும் கால் மட்டும் இருந்தால் போதாது. நூறு பேர் நெருக்கியடித்து ஓடும் கூட்டத்துக்குள் இடம்பிடிப்பது, எதிர்க்காற்றில் ஆற்றலைச் சேமிப்பது, எப்போது பாய்வது என்று கணிப்பது, இதெல்லாம் ஓடி ஓடித்தான் வரும்.

தரத்தை உயர்த்தியது தவறா என்று கேட்டால், தவறில்லை என்பேன். ஆனால் பந்தயத்தை உயர்த்திய வேகத்தில் உள்ளூர் அணிகளை உயர்த்தவில்லை. பிப்ரவரியில் ஒரு வாரம் உலகமே வந்து பார்க்கிறது, மீதி மாதங்களில் உள்ளூர்ப் பையனுக்கு ஓடப் பந்தயம் இல்லை என்றால் முடிவு இப்படித்தான் இருக்கும். 2022-ல் கிகாலியில் நடந்த கடைசிக் கட்டத்தை மொய்ஸ் முகிஷா வென்றார். 2.1 தரத்துக்கு உயர்ந்த பிறகு ஒரு ருவாண்டாக்காரருக்குக் கிடைத்த முதல் கட்ட வெற்றி அது. ஒரு கட்ட வெற்றிக்கு அத்தனை கொண்டாட்டம் என்றால், நிலைமை எவ்வளவு மாறிவிட்டது என்று பாருங்கள்.

எரித்திரியர்கள் மட்டும் எப்படி இத்தனை முறை வெல்கிறார்கள்?

இரண்டு காரணம் சொல்லலாம். ஒன்று உயரம். எரித்திரியத் தலைநகர் அஸ்மாரா 2,300 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. மெல்லிய காற்றில் பிறந்து வளர்ந்து பயிற்சி எடுத்தவர்களுக்கு ருவாண்டாவின் உயரம் பொருட்டே இல்லை. ஐரோப்பிய வீரர்களுக்கோ முதல் இரண்டு மூன்று நாள் மூச்சு வாங்கும்.

இன்னொன்று பழக்கம். இத்தாலியர்கள் ஆண்ட காலத்திலிருந்தே எரித்திரியாவில் சைக்கிள் பந்தயம் வேரூன்றிவிட்டது. அங்கே கால்பந்துக்கு நிகரான மவுசு அதற்கு. பினியம் கிர்மாயின் தொடக்க காலத்து வெற்றிகளில் ஒன்று 2019 டூர் டு ருவாண்டாவின் ஒரு கட்டம். அதே கிர்மாய் 2024 டூர் டி பிரான்ஸில் மூன்று கட்டங்களை வென்று, புள்ளிகளில் முதலிடம் பெறுபவருக்கான பச்சை ஜெர்சியோடு வீடு திரும்பினார்.

பெரிய நட்சத்திரங்கள் வந்திருக்கிறார்களா?

டூர் டி பிரான்ஸை நான்கு முறை வென்ற கிறிஸ் ஃப்ரூம் 2023-ல் வந்து ஓடினார். கென்யாவின் நைரோபியில் பிறந்தவர் என்பதால் அவருக்குக் கிழக்கு ஆப்பிரிக்கா சொந்த ஊர் மாதிரிதான். அவருடைய உச்ச காலம் அப்போது முடிந்திருந்தது, ஆனால் சாலையோரம் நின்ற கூட்டத்துக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

சரி, ஏற்கெனவே புகழ்பெற்றவர்கள் வருவதைவிட, புகழ்பெறப் போகிறவர்களை முதலில் பார்ப்பதுதான் இங்கே சுவாரசியம். 2024-ல் வென்ற ஜோ பிளாக்மோர் அதே ஆண்டில் டூர் டி லாவெனீரையும் வென்றார். இளம் வீரர்களுக்கான டூர் டி பிரான்ஸ் என்று அதைச் சொல்வார்கள்.

பந்தயத்தின் மிகக் கடினமான இடம் எது?

கிகாலிக்குள்ளேயே இருக்கும் ‘மூர் டு கிகாலி’, அதாவது கிகாலிச் சுவர். நீளம் சுமார் 400 மீட்டர்தான். ஆனால் சராசரிச் சரிவு 11 சதவீதம், போதாக்குறைக்குக் கல் பாவிய பாதை. பல நாள் களைத்த காலோடு இங்கே வரும்போது சில வீரர்கள் நடக்கும் வேகத்துக்குக் குறைந்துவிடுவார்கள். இருபுறமும் வீட்டுக் கூரையிலும் மதிலிலும் மரத்திலும் ஆட்கள். சைக்கிள் போகக் கை அகலம்தான் வழி.

2025 உலக சாம்பியன்ஷிப் கிகாலிக்கு இந்தப் பந்தயத்தால்தான் வந்ததா?

பெரிய அளவில் ஆமாம். சாலை சைக்கிள் உலக சாம்பியன்ஷிப் ஆப்பிரிக்க மண்ணில் நடந்தது அதுவே முதல் முறை. 2021 செப்டம்பரிலேயே கிகாலிக்கு என்று முடிவாகிவிட்டது. பல நாள் பந்தயத்தை ஆண்டுதோறும் ஒழுங்காக நடத்திக் காட்டிய நாடு என்ற பெயர் கைகொடுத்தது.

2025 செப்டம்பரில் ஆண்கள் சாலைப் போட்டி 267.5 கிலோமீட்டர். ஸ்லோவேனியாவின் டடேய் போகாச்சர் நூறு கிலோமீட்டருக்கு மேல் மீதமிருக்கும்போதே பாய்ந்து வென்றார். முழுத் தூரத்தையும் முடித்தவர்கள் 30 பேர் மட்டுமே! டூர் டு ருவாண்டாவில் ஓடியவர்கள் அந்த எண்ணிக்கையைக் கேட்டு அவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

பெண்களுக்கு இந்தப் பந்தயம் இல்லையா?

1988-லிருந்து இங்கே சொன்ன கதை முழுக்க ஆண்களுடையது. அதற்காக ருவாண்டாவில் பெண் வீரர்கள் இல்லாமல் இல்லை. ஜான் தார்க் கிருபுன்டு 2015-ல் அமெரிக்காவின் ரிச்மண்டில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் ஓடினார். கிகாலி உலக சாம்பியன்ஷிப்பில் பெண்கள் சாலைப் போட்டியைக் கனடாவின் மாக்டெலின் வாலியேர் வென்றதும் இதே குன்றுகளில்தான். பெண்களுக்கான பல நாள் பந்தயம் ஒன்றை இதே சாலைகளில் நடத்த இதைவிட நல்ல தருணம் வாய்க்காது.

அரசியல் சர்ச்சை ஏதும் உண்டா?

உண்டு. ருவாண்டா அரசு விளையாட்டை நாட்டின் விளம்பரமாகப் பயன்படுத்துகிறது. ‘விசிட் ருவாண்டா’ என்ற வாசகம் 2018-லிருந்து ஆர்சனல் கால்பந்து அணியின் சட்டைக் கையில் இருந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். மனித உரிமைக் குறைகளை மறைக்க விளையாட்டைப் போர்வையாக்குகிறார்கள் என்று விமர்சகர்கள் சொல்கிறார்கள்.

2025-ல் இது சூடுபிடித்தது. அந்த ஆண்டு ஜனவரி இறுதியில் பக்கத்து நாடான காங்கோவின் கோமா நகரை எம்23 கிளர்ச்சிப் படை பிடித்தது. அந்தப் படைக்கு ருவாண்டா ஆதரவு தருகிறது என்று ஐ.நா. நிபுணர்கள் அறிக்கை தந்திருக்கிறார்கள்; ருவாண்டா மறுக்கிறது. கோமா இருப்பது, பந்தயம் வழக்கமாகப் போகும் ருபாவுவுக்கு ஒட்டினாற்போல் எல்லைக்கு அந்தப் பக்கம். பெல்ஜியத்தின் சுடால் குயிக்-ஸ்டெப் சைக்கிள் அணி தன் இளையோர் அணியை அந்த ஆண்டு பந்தயத்திலிருந்து விலக்கிக்கொண்டது. ருவாண்டா தன் போக்கை மாற்றாவிட்டால் உலக சாம்பியன்ஷிப்பை ரத்து செய்யச் சொல்லி ஐரோப்பிய நாடாளுமன்றமும் தீர்மானம் போட்டது. பந்தயம், உலக சாம்பியன்ஷிப் இரண்டுமே நடந்து முடிந்தன. வீரர்களின் உழைப்பையும் அரசின் நோக்கத்தையும் ஒரே கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. அதற்காக எல்லைக்கு அப்பால் வீடிழந்தவர்களை மறந்துவிட்டு மஞ்சள் ஜெர்சியை மட்டும் பார்ப்பதும் சரியில்லை.

நேரில் பார்க்க டிக்கெட் வேண்டுமா?

வேண்டாம். சாலையோரம் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். பந்தயம் வரும்வரை சாலை மூடியிருக்கும் என்பதால் சீக்கிரமே போய்விட வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் சீருடையோடு வரிசையாக நிற்பார்கள். சைக்கிள் டாக்ஸிக்காரர்கள் தங்கள் வண்டியைச் சாய்த்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் கடைசிக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்துக் கிகாலியில் ஓர் ஏற்றத்தில் நின்றுகொள்ளுங்கள். சுற்றிச் சுற்றி வருவதால் வீரர்களைப் பல முறை பார்க்கலாம். மழைக்கோட்டு எடுத்துப் போவது நல்லது. 2025-ல் மழையில் சாலை வழுக்கியதால் அந்தக் கடைசிக் கட்டத்தையே முடிக்காமல் கைவிட வேண்டியதாயிற்று.